இஸ்ரவேலுக்குக் கொடுத்த நில வாக்குத்தத்தம் நிறைவேறிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில் யோசுவா புத்தகத்தின் கடைசி அதிகாரங்களுக்கு வரும்போது யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "எல்லாம் நிறைவேறிற்று என்று இங்கே இருக்கிறதே, அப்புறம் ஏன் இன்னும் நிறைவேற வேண்டும் என்கிறார்கள்?" எருசலேமும் காசாவும் செய்தியில் அடிபடும் நாட்களில் இதே கேள்வி கோபத்தோடும் கண்ணீரோடும் வருகிறது. அப்படி வந்த கேள்விகளை ஒன்றுசேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்த்தர் சொன்னபடியே நிலத்தைக் கொடுத்தார். அந்த வாக்கு அதோடு தீர்ந்துபோகாமல் கிறிஸ்துவில் பூமி முழுவதற்கும் விரிந்தது. அப்படி விரிந்ததால் யூத ஜனத்தை அவர் தள்ளிவிட்டார் என்று ஆகாது. இதை ஏற்காத நல்ல விசுவாசிகள் பலர் உண்டு. அவர்களுடைய வாதங்களையும் சொல்லியிருக்கிறேன்.

எந்த வாக்குத்தத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆதியாகமத்தில் ஒரே வாக்கு படிப்படியாக வளர்கிறது. 12:7-ல் சீகேமில் ஆபிராமுக்கு (பிற்பாடு ஆபிரகாம்) ஒரே வரிதான்: உன் சந்ததிக்கு இந்தத் தேசத்தைக் கொடுப்பேன். 13-ஆம் அதிகாரத்தில், லோத்து நல்ல நிலத்தைப் பார்த்துப் பிரிந்துபோன பிறகு, ஆபிராமை நாலு திசையும் பார்க்கச் சொல்லி, "என்றைக்கும்" என்ற சொல்லைக் கர்த்தர் சேர்க்கிறார். 15-ஆம் அதிகாரத்தில் துண்டிக்கப்பட்ட மிருகங்களின் நடுவே அக்கினி கடந்துபோன இரவில் எல்லைகள் வருகின்றன. 17:8-ல் "நித்திய சுதந்தரம்" என்று வருகிறது.

இளைஞர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் இது. பழைய தமிழ் வேதாகமத்தில் "சுதந்தரம்" என்றால் வாரிசுச் சொத்து. விடுதலை என்ற பொருளில் நாம் சொல்லும் "சுதந்திரம்" வேறு. ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் அதைத் தவறவிட்டால் பாதி வசனங்கள் புரியாது.

எல்லைகள் எல்லா இடத்திலும் ஒன்றுதானா?

இல்லை. ஆதியாகமம் 15:18 எகிப்தின் நதி தொடங்கி ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதி வரை என்கிறது. எண்ணாகமம் 34 போடும் எல்லை அதைவிடச் சிறியது. கிழக்கே யோர்தானோடு நின்றுவிடுகிறது, வடக்கே ஆமாத்துக்குப் போகும் வழிவரைக்கும்தான். ரூபன், காத் கோத்திரங்களும் மனாசேயின் பாதிக் கோத்திரமும் குடியேறிய யோர்தானுக்குக் கிழக்கே உள்ள நிலம்கூட அந்த வரைபடத்துக்கு வெளியேதான் இருக்கிறது. "எகிப்தின் நதி" என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆதியாகமத்தில் பெரிய ஆற்றைக் குறிக்கும் "நாஹார்" என்ற எபிரெயச் சொல், எண்ணாகமத்தில் காட்டாற்றைக் குறிக்கும் "நாஹால்". இரண்டாவதை சீனாயின் வடபகுதியில் உள்ள வாடி எல் அரீஷ் என்று பலர் அடையாளம் காட்டுகிறார்கள். முதலாவதை நைல் என்று சிலர் வாசிக்கிறார்கள்.

ஆகவே "நிறைவேறியதா" என்று கேட்பவரிடம் எந்த எல்லையை வைத்துக் கேட்கிறீர்கள் என்று முதலில் கேட்பது நல்லது. கூட்டங்களில் இதைக் கேட்காமலேயே சண்டை தொடங்கிவிடுகிறது.

யோசுவா 21-ஆம் அதிகாரம் "எல்லாம் நிறைவேறிற்று" என்கிறதே. அதோடு கணக்கு முடிந்ததா?

யோசுவா 21:43-45 சொல்வதை மெலிதாக்க எனக்கு மனமில்லை. பிதாக்களுக்கு ஆணையிட்ட தேசம் முழுவதையும் கொடுத்தார், இளைப்பாறுதல் கொடுத்தார், அவர் சொன்ன நல்வார்த்தைகளில் ஒன்றும் தவறிப்போகவில்லை என்று அது முடிகிறது. இதை எழுதியவர் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்தால் வேதத்தையே சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் அதே புத்தகத்தில் 13:1-ஐயும் வாசிக்க வேண்டும். யோசுவா வயதானவராகிவிட்டார், பிடிக்க வேண்டிய தேசமோ இன்னும் மிகுதியாக இருக்கிறது என்று கர்த்தரே சொல்கிறார். பெலிஸ்தரின் ஊர்கள், சீதோனியரின் நிலம், லீபனோன் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. நியாயாதிபதிகள் முதல் அதிகாரமோ "துரத்திவிடவில்லை, துரத்திவிடவில்லை" என்று கோத்திரம் கோத்திரமாகச் சொல்லிக்கொண்டே போகிறது.

எங்கள் ஊரில் நிலம் வாங்கி விற்பவர்களுக்கு இது உடனே புரிந்துவிடுகிறது. பத்திரம் பதிவாகிவிட்டது, பட்டாவும் பெயரில் வந்துவிட்டது, ஆனால் அனுபவத்தில் பாதி நிலம்தான் கையில் இருக்கிறது. கொடுத்தவர் பக்கத்தில் குறை ஒன்றுமில்லை. யோசுவா 21 கொடுத்தவரைப் பற்றிப் பேசுகிறது, 13 அனுபவிக்க வேண்டியவர்களைப் பற்றிப் பேசுகிறது. 23-ஆம் அதிகாரத்தில் கிழட்டு யோசுவா இரண்டையும் ஒரே பேச்சில் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். ஒரு வார்த்தையும் தவறவில்லை என்றும் சொல்கிறார், உடன்படிக்கையை மீறினால் இந்த நல்ல தேசத்திலிருந்து அழிந்துபோவீர்கள் என்றும் சொல்கிறார்.

கர்த்தர் இதை முன்கூட்டியே சொல்லியும் இருந்தார். காட்டு மிருகங்கள் பெருகிவிடாதபடி அவர்களை ஒரே வருஷத்தில் துரத்தாமல் கொஞ்சங்கொஞ்சமாகத் துரத்துவேன் என்று யாத்திராகமம் 23:29-30-ல் இருக்கிறது. மெதுவாக நிறைவேறுவது ஆரம்பத்திலிருந்தே அவருடைய திட்டத்தில் இருந்தது.

சாலொமோன் காலத்திலாவது ஐபிராத்து வரை போய்ச் சேர்ந்ததா?

போய்ச் சேர்ந்தது என்று 1 இராஜாக்கள் 4:21 சொல்கிறது. ஐபிராத்து நதி தொடங்கி எகிப்தின் எல்லை வரை இருந்த ராஜ்யங்களைச் சாலொமோன் ஆண்டார். 24-ஆம் வசனம் ஊர்ப் பெயரோடு சொல்கிறது: ஐபிராத்துக் கரையில் உள்ள திப்சா முதல் காசா வரை. எழுதியவர் ஆதியாகமம் 15-ஐ மனதில் வைத்துத்தான் எழுதுகிறார், அதில் சந்தேகமில்லை. 8:56-ல் சாலொமோனும் மோசேயைக் கொண்டு சொன்ன நல்வார்த்தைகளில் ஒன்றும் தவறவில்லை என்று ஜெபிக்கிறார். கிறிஸ்தவ உலகத்தில் 5-ஆம் நூற்றாண்டிலேயே அகுஸ்தீன் இந்த வழியில் பதில் சொன்னார்: கானானைப் பற்றிய வாக்கு தாவீது, சாலொமோன் நாட்களில் நிறைவேறியது என்றார்.

எதிர்ப்பக்கத்தின் வாதமும் வலுவானது. அந்த ராஜ்யங்கள் கப்பம் கட்டின, இஸ்ரவேலர் அங்கே குடியிருக்கவில்லை. 4:25-ல் ஜனங்கள் தங்கள் திராட்சச்செடியின் நிழலிலும் அத்திமரத்தின் நிழலிலும் குடியிருந்தது வடக்கே தாண் முதல் தெற்கே பெயெர்செபா வரைதான். தீருவின் ராஜாவான ஈராம் நண்பர், அடிமையல்ல. அதுமட்டுமா? 9:11-13-ல் சாலொமோன் கலிலேயாவிலுள்ள 20 பட்டணங்களை அந்த ஈராமுக்குக் கொடுத்துவிடுகிறார். அவர் போய்ப் பார்த்துவிட்டு முகம் சுளித்து "காபூல்" என்று பெயர் வைக்கிறார். வாக்குத்தத்த நிலம் கைமாறிய இந்தச் சம்பவத்தைப் பிரசங்கங்களில் நான் கேட்டதே இல்லை. எனக்கு மிகவும் வருத்தமளிக்கும் பகுதிகளில் இது ஒன்று.

இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்தால், சாலொமோன் காலத்தில் எல்லை எட்டப்பட்டது உண்மை. அது நிலைத்தது ஒரு தலைமுறைதான். அவர் மரித்ததும் ராஜ்யம் இரண்டாகப் பிளந்தது.

சாலொமோனின் பேரரசுக்குத் தொல்லியல் சான்று இருக்கிறதா?

இதில் அறிஞர்களிடையே கடும் விவாதம் நடக்கிறது. 1993-ல் தாண் மேட்டில் கிடைத்த அராமேயக் கல்வெட்டில் "தாவீதின் வீடு" என்ற சொல் இருக்கிறது. அது கி.மு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தாவீதின் வம்சம் அண்டை ராஜாக்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அது போதும். ராஜ்யம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு அது போதாது. இந்தப் பக்கத்தில் வேதம் தன்னைப் பற்றித் தானே என்ன சொல்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

நிறைவேறியும் நிறைவேறாமலும் இருக்க முடியுமா? இது மழுப்பலாகத் தெரிகிறதே.

எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. அதை மாற்றியது நெகேமியா 9-ஆம் அதிகாரம். தயவுசெய்து அதை ஒரே மூச்சில் வாசியுங்கள்.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள் துக்கத்தின் அடையாளமாக இரட்டு (சாக்குத்துணி) உடுத்தி, தலையில் புழுதியைப் போட்டுக்கொண்டு, கூடி நின்று ஜெபிக்கிறார்கள். 8-ஆம் வசனத்தில் ஆபிரகாமின் உடன்படிக்கையை நினைவுகூர்ந்து, "உம்முடைய வார்த்தைகளை நிறைவேற்றினீர், நீர் நீதியுள்ளவர்" என்று சொல்கிறார்கள். அதே ஜெபம், அதே நாள், அதே ஜனங்கள். 36-ஆம் வசனத்துக்கு வந்ததும், நீர் எங்கள் பிதாக்களுக்குக் கொடுத்த இந்தத் தேசத்திலேயே நாங்கள் அடிமைகளாயிருக்கிறோம் என்று அழுகிறார்கள். நிலம் விளைகிறது, விளைச்சல் பெர்சிய ராஜாக்களுக்குப் போகிறது. அந்த ராஜாக்கள் எங்கள் சரீரங்களையும் மிருகங்களையும் ஆளுகிறார்கள் என்கிறார்கள்.

நிறைவேற்றினீர் என்று சொன்ன வாய்தான் இன்னும் காத்திருக்கிறோம் என்றும் சொல்கிறது. தேவன் வாக்குத் தவறாதவர் என்று அறிக்கையிட்ட பிறகுதான், எங்கள் நிலைமையைப் பாரும் என்று கேட்கும் தைரியம் அவர்களுக்கு வருகிறது. இதை மழுப்பல் என்று எப்படிச் சொல்வது?

"நித்திய சுதந்தரம்" என்றால் நிபந்தனை கிடையாதா?

நித்தியம் என்று மொழிபெயர்க்கப்படும் "ஓலாம்" என்ற எபிரெயச் சொல், முடிவு கண்ணுக்குத் தெரியாத நீண்ட காலத்தைக் குறிக்கும். ஆரோனின் ஆசாரியத்துவத்துக்கும் அதே சொல் வருகிறது, எபிரெயர் நிருபமோ அந்த ஆசாரியத்துவம் மாற்றப்பட்டது என்கிறது. எனவே அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவுக்கு வர முடியாது.

இன்னும் முக்கியமானது லேவியராகமம் 25:23. நிலத்தை அறுதியாய் விற்கக் கூடாது, ஏனென்றால் தேசம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் பரதேசிகள் என்கிறார் கர்த்தர். உரிமையாளர் அவர்தான். 18-ஆம் அதிகாரம் இன்னும் கடுமையானது. கானானியரைக் கக்கிப்போட்ட தேசம், அதே அருவருப்புகளைச் செய்தால் உங்களையும் கக்கிப்போடும் என்கிறது. கி.மு. 722-ல் சமாரியாவும் 586-ல் எருசலேமும் விழுந்தபோது அது நடந்தது.

ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கையை மறக்கமாட்டேன் என்ற வார்த்தையும் அதே புத்தகத்தில், லேவியராகமம் 26:42-ல், சிறையிருப்பைப் பற்றிய எச்சரிக்கைக்கு அப்புறமே வருகிறது. கொடை நிபந்தனையற்றது, அதில் குடியிருந்து அனுபவிப்பது கீழ்ப்படிதலைச் சார்ந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பாபிலோனிலிருந்து திரும்பி வந்ததே, தீர்க்கதரிசிகள் சொன்னது அதுதானே?

பெரும்பகுதி அதுதான். 70 வருஷம் என்று எரேமியா சொன்னார், பெர்சிய ராஜாவான கோரேஸ் உத்தரவு கொடுத்தார், ஜனங்கள் வந்தார்கள், ஆலயம் எழும்பியது. எரேமியா 32-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பாபிலோன் சேனை எருசலேமைச் சூழ்ந்து நிற்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் உள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகளை வைத்துக் கிரயப்பத்திரம் எழுதி, முத்திரை போட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் போட்டுவைக்கிறார். இந்த நாட்டில் மறுபடியும் நிலம் வாங்குவார்கள் என்பது கர்த்தருடைய வார்த்தை. எதிரி வாசலில் நிற்கும்போது பணம் கொடுத்து நிலம் வாங்கிய அந்த விசுவாசத்தை நினைத்தால் இன்றும் மனம் நெகிழ்கிறது.

ஆனாலும் எல்லாமே அப்போது முடியவில்லை. ஆமோஸ் 9:15, நான் கொடுத்த தேசத்திலிருந்து இனிப் பிடுங்கப்படமாட்டார்கள் என்கிறது. பிற்பாடு கி.பி. 70-ல் ரோமர் ஆலயத்தை இடித்தார்கள். 135-ல் ரோமருக்கு எதிராக யூதர்கள் செய்த பார் கோக்பா கலகம் அடக்கப்பட்டதும் எருசலேமுக்குள் யூதர்கள் நுழையவே தடை வந்தது. எசேக்கியேல் 37-ல் வரும் ஒரே மேய்ப்பனாகிய தாவீதும், எரேமியா 31-ல் வரும் புதிய உடன்படிக்கையும் எஸ்றா காலத்தில் வரவில்லை. அவை எங்கே வந்தன என்று புதிய ஏற்பாட்டில்தான் தேட வேண்டும்.

புதிய ஏற்பாடு நிலத்தைப் பற்றி ஏதாவது சொல்கிறதா?

நேரடியாக மிகக் குறைவாகவே சொல்கிறது. அந்த மௌனத்தையும் கவனிக்க வேண்டும். ஆனால் சொல்கிற இடங்களிலெல்லாம் எல்லை விரிகிறது.

சங்கீதம் 37:11-ல் சாந்தகுணமுள்ளவர்கள் சுதந்தரிப்பது இஸ்ரவேல் தேசம். மலைப்பிரசங்கத்தில் இயேசு அதையே எடுத்துச் சொல்லும்போது நாம் "பூமி" என்று வாசிக்கிறோம். எபிரெய "ஏரெட்ஸ்" என்ற சொல்லுக்குத் தேசம், பூமி இரண்டு பொருளும் உண்டு. பத்துக் கட்டளையில், உன் தேவனாகிய கர்த்தர் உனக்குக் கொடுக்கும் தேசத்தில் உன் நாட்கள் நீடிக்கும்படி தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்று இருக்கிறது. எபேசியர் 6:3-ல் பவுல் இதையே எபேசுவில் இருந்த பிள்ளைகளுக்குச் சொல்லும்போது "உனக்குக் கொடுக்கும் தேசம்" போய்விடுகிறது, "பூமியிலே" என்று மட்டும் நிற்கிறது. சின்ன மாற்றம்தான். ஆனால் யூதனல்லாத ஒரு புறஜாதிப் பையன் தன் ஊரில் இருந்தபடியே அந்த வாக்குக்குள் வந்துவிட்டான்.

ரோமர் 4:13 இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஆபிரகாமுக்குக் கிடைத்த வாக்கு அவன் உலகத்தைச் சுதந்தரிப்பான் என்பது. கானான் என்ற பெயர்கூட அங்கே இல்லை. கலாத்தியர் 3:16 அந்தச் "சந்ததி" கிறிஸ்துவே என்கிறது. எபிரெயர் 4:8 யோசுவா 21-ஐத் தொட்டே பேசுகிறது: யோசுவா அவர்களை இளைப்பாறுதலுக்குள் கொண்டுவந்திருந்தால், பின்பு தேவன் வேறொரு நாளைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டாரே. யோசுவா கொடுத்தது உண்மையான இளைப்பாறுதல்தான். ஆனாலும் அது நிழல். கிரேக்கத்தில் யோசுவாவுக்கும் இயேசுவுக்கும் ஒரே பெயர், முதலில் வாசித்தவர்களின் காதில் அது கட்டாயம் விழுந்திருக்கும்.

இதற்கு எதிராகக் காட்டப்படும் முக்கியமான வசனம் அப்போஸ்தலர் 1:6. ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக் கொடுப்பது இப்போதா என்று சீஷர்கள் கேட்டபோது, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. காலங்களை அறிவது உங்களுடையதல்ல என்றார். இது நியாயமான வாதம். நான் அதைத் தள்ளவில்லை. ஆனால் அடுத்த வசனத்தையும் பாருங்கள்: எருசலேம், யூதேயா, சமாரியா, அப்புறம் பூமியின் கடைசி வரை.

அப்படியானால் சபை இஸ்ரவேலின் இடத்தைப் பிடித்துவிட்டது என்கிறீர்களா?

இல்லை. ரோமர் 11-ஐ வாசித்துவிட்டு அப்படிச் சொல்ல என்னால் முடியாது. தேவன் தம் ஜனத்தைத் தள்ளிவிட்டாரோ என்று பவுல் கேட்டு, இல்லவே இல்லை என்கிறார். அவருடைய கிருபைவரங்களும் அழைப்பும் மாறாதவை என்கிறார். அவர் சொல்லும் ஒலிவமர உவமையில், புறஜாதியாரான நாம் காட்டொலிவக் கிளைகள், ஒட்டவைக்கப்பட்டவர்கள். வேரை நாம் சுமக்கவில்லை, வேர்தான் நம்மைச் சுமக்கிறது. இதை மறந்த கிறிஸ்தவ நாடுகளில் யூதர்கள் நூற்றாண்டுக்கணக்காகப் பட்ட பாடும், நாஜி ஆட்சியில் 60 லட்சம் பேர் கொல்லப்பட்டதும் நம் எல்லோருடைய மனசாட்சியிலும் உறுத்த வேண்டியவை.

இன்னும் நிறைவேறவே இல்லை என்ற போதனை எங்கிருந்து வந்தது?

இன்று நம் சபைகளில் பரவியுள்ள வடிவத்தில் அது 19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற சகோதரர் சபைப் போதகரிடமிருந்து வந்தது. 1909-ல் வெளிவந்த ஸ்கோபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் அதை உலகமெங்கும் கொண்டுபோயின. இஸ்ரவேல் இதுவரை ஒருபோதும் அந்தத் தேசம் முழுவதையும் சுதந்தரிக்கவில்லை என்று அதில் ஒரு குறிப்பே உண்டு. அப்படி எழுத்தின்படி எதிர்பார்த்தது டார்பிக்கு முன் யாருமே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. 2-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி, எருசலேம் மறுபடி கட்டப்பட்டு ஆயிரம் வருஷ அரசாட்சி நடக்கும் என்று நம்பினார்.

யூதர்கள் என்ன சொல்கிறார்கள்?

அவர்களிடமும் ஒரே பதில் இல்லை. ஆதியாகமம் 15 பத்து ஜாதிகளைச் சொல்கிறது, இஸ்ரவேல் பெற்றதோ ஏழின் நிலம். மீதி மூன்றான கேனியர், கெனிசியர், கத்மோனியர் என்பவை ஏதோம், மோவாப், அம்மோனைக் குறிக்கும், அவை வரும் காலத்துக்குரியவை என்று 11-ஆம் நூற்றாண்டின் யூத வேத விளக்கவுரையாளர் ராஷி விளக்கினார். அதாவது ஒரு பகுதி நிறைவேறியது, ஒரு பகுதி மேசியாவுக்குக் காத்திருக்கிறது.

யூத ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதில் மூன்று ஆணைகளைப் பற்றிய பகுதி ஒன்று இருக்கிறது. அதில் ஒன்று, இஸ்ரவேலர் பலவந்தமாகக் கூட்டமாய்த் தேசத்துக்கு ஏறிப்போகக் கூடாது என்பது. இதை வைத்து சத்மார் என்ற யூதப் பிரிவின் தலைவரான ரபி யோவேல் டைட்டல்பௌம், மேசியா வருமுன் யூத அரசு அமைப்பதே தவறு என்று வாதாடினார். அந்தத் தேசத்தில் யூத அரசு வேண்டும் என்ற சியோனியர்களில் மத நம்பிக்கையுள்ளவர்கள் அதை ஏற்கவில்லை. தேசத்தில் குடியேறுவது ஒரு கட்டளை என்ற, 13-ஆம் நூற்றாண்டு ரபி ராம்பானின் கருத்தை அவர்கள் எடுத்துக் காட்டுவார்கள்.

1948 தீர்க்கதரிசன நிறைவேற்றமா?

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். 1947 நவம்பர் 29-ல் ஐக்கிய நாடுகள் சபை பாலஸ்தீனப் பிரிவினைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1948 மே 14-ல் இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்டது. கொலைக்களங்களிலிருந்து தப்பியவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. அதே போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர் வீடிழந்தார்கள், அவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்தன. இந்த இரண்டு வாக்கியங்களில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிற பிரசங்கம் முழுமையானதல்ல.

வேதம் என்ன சொல்கிறது? உபாகமம் 30-இல் ஜனங்கள் மனந்திரும்புவது முதலில் வருகிறது, கூட்டிச்சேர்ப்பது பிறகு. அதன்படி பார்த்தால் 1948 பொருந்தாது. எசேக்கியேல் 36:24-26-ல் வரிசை மாறியிருக்கிறது. முதலில் கூட்டிச்சேர்த்து, பிறகு சுத்தமான ஜலம் தெளித்து, புது இருதயம் கொடுப்பார். இதை வைத்து 1948 தொடக்கம் என்று சொல்பவர்களுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு ஜனம் இத்தனை நூற்றாண்டுச் சிதறலிலும் அழியாமல் காக்கப்பட்டதில் தேவனுடைய கையை நான் காண்கிறேன். ஆனால் ஒரு நவீன அரசின் பிறப்பை இன்ன வசனத்தின் நிறைவேற்றம் என்று சுட்டிக்காட்ட எனக்குத் துணிவில்லை. அப்படிச் சுட்டியவர்களில் சிலர் 1948-ஓடு ஒரு சந்ததிக்கு 40 வருஷம் கூட்டி, 1988-ல் கர்த்தர் வருவார் என்று கணக்குப் போட்டார்கள். 1988 போய்விட்டது. அதை நம்பியிருந்த எளியவர்களின் விசுவாசத்துக்கு வந்த சேதத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை.

"உன்னை ஆசீர்வதிக்கிறவர்களை ஆசீர்வதிப்பேன்" என்றால் இஸ்ரேல் அரசு செய்வதையெல்லாம் ஆதரிக்க வேண்டுமா?

ஆதியாகமம் 12:3 அதே வசனத்திலேயே, பூமியின் வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும் என்று முடிகிறது. அதன் நோக்கம் அது. எந்த அரசையும் கேள்வி கேட்கக் கூடாது என்று அதற்கு அர்த்தமில்லை. ஏசாயா, எரேமியா, ஆமோஸ் எல்லோரும் இஸ்ரவேலை நேசித்தார்கள், அதன் ராஜாக்களைக் கண்டித்தார்கள்.

வாக்குத்தத்தம் இருப்பதால் அங்கே குடியிருக்கும் மற்றவர்களை வெளியேற்றலாம் என்கிறார்களே?

இதற்கு வேதத்திலேயே நேரடியான பதில் இருக்கிறது. எருசலேம் விழுந்த பிறகு பாழான இடங்களில் மீந்திருந்தவர்கள், ஆபிரகாம் ஒருவனாயிருந்து தேசத்தைப் பெற்றானே, நாங்களோ அநேகர், தேசம் எங்களுக்குத்தான் என்றார்கள். எசேக்கியேல் 33:24-26. கர்த்தர் என்ன சொன்னார்? இரத்தம் சிந்துகிறீர்கள், பட்டயத்தை நம்புகிறீர்கள், நீங்கள் தேசத்தைச் சுதந்தரிப்பீர்களோ என்று கேட்டார். ஆபிரகாமின் பெயரைச் சொல்லி நிலம் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் அது.

மோசேயின் காலத்திலும் ஏதோம், மோவாப், அம்மோன் நிலத்தில் கால்வைக்கக் கூடாது, அதை ஏசாவின் புத்திரருக்கும் லோத்தின் புத்திரருக்கும் நான் கொடுத்தேன் என்று உபாகமம் 2 சொல்கிறது. பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் நான் கொண்டுவரவில்லையா என்று ஆமோஸ் 9:7 கேட்கிறது. மற்ற ஜனங்களுக்கும் நிலம் கொடுத்தவர் அவரே. நாபோத் கொல்லப்பட்டதும் அவனுடைய திராட்சத்தோட்டத்தை எடுத்துக்கொண்ட ஆகாப், இஸ்ரவேலின் ராஜாதான். எலியா தீர்க்கதரிசி அவனை எப்படிக் கண்டித்தார் என்று 1 இராஜாக்கள் 21-ல் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக எசேக்கியேல் 47:22-23. வரப்போகும் தேசத்தைக் கோத்திரங்களுக்குப் பங்கிடும்போது, உங்கள் நடுவில் தங்கிப் பிள்ளைகளைப் பெற்ற அந்நியரும் இஸ்ரவேலில் பிறந்தவர்களைப் போலச் சுதந்தரம் பெற வேண்டும் என்று இருக்கிறது. எசேக்கியேலின் கடைசி அதிகாரங்களை எழுத்தின்படி எடுப்பவரும் சரி, அடையாளமாக எடுப்பவரும் சரி, இந்த இரண்டு வசனத்தைத் தாண்டிப் போக முடியாது.

ஆபிரகாம் தாமே அந்தத் தேசத்தில் என்ன பெற்றார்?

ஒரு கல்லறை நிலம். அதையும் இலவசமாக வாங்கவில்லை. அப்போஸ்தலர் 7:5-ல் ஸ்தேவான், தேவன் அவருக்கு அங்கே ஓர் அடி நிலம்கூடக் கொடுக்கவில்லை என்கிறார். மனைவி சாராள் மரித்தபோது, அந்த ஊராரான ஏத்தின் புத்திரர் முன்னே எழுந்து நின்று, நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாயிருக்கிறேன் என்று சொல்லிக் குனிந்து வணங்குகிறார். நிலத்துக்குச் சொந்தக்காரரான எப்பெரோன் சும்மா தருகிறேன் என்கிறார். ஆபிரகாம் மறுத்து, 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். ஆதியாகமம் 23:17-ஐ வாசித்தால் நம் ஊர் கிரயப்பத்திரம் மாதிரியே இருக்கிறது: நிலம், அதிலுள்ள குகை, எல்லைக்குள் நின்ற மரங்கள் என்று மாவடை மரவடையோடு எழுதியிருக்கிறது. தேசம் முழுவதும் வாக்காகக் கையில் இருந்தும் அவர் நியாயமான விலை கொடுத்துத்தான் வாங்கினார்.

எபிரேயர் 11 இதை வாசித்துவிட்டு, அவர் கூடாரங்களில் குடியிருந்து அஸ்திபாரங்களுள்ள நகரத்துக்குக் காத்திருந்தார் என்கிறது. அந்தக் குகை இருக்கும் இடமாக வணங்கப்படும் கட்டடம் இன்று எப்ரோனில் மசூதியாகவும் ஜெப ஆலயமாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆபிரகாம் மரித்தபோது அவரை அங்கே அடக்கம் செய்தவர்கள் இரண்டு பேர் என்று ஆதியாகமம் 25:9 பெயரோடு எழுதி வைத்திருக்கிறது: ஈசாக்கும் இஸ்மவேலும்.